அச்சுக்கு ஆயத்தமான ஆவணங்களில் எழுத்துருவும் திருத்தமும்

குடிநீரில் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் எந்த அளவுக்கு மேல் இருத்தலாகாது என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 10500 என்னும் தரக்குறிப்பில் வரையறுத்துள்ளது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஆகும். இதனையே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றும் குறிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இதுவே. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். விஞ்ஞான ஏடுகளில் மில்லி என்பதற்கு 'எம்' என்னும் உரோம எழுத்தையும், மைக்ரோ என்பதற்கு 'மியூ' என்னும் கிரேக்க எழுத்தையும் இடுவது மரபு.

கங்கைச் சமவெளியில் கிணற்று நீரைச் சோதிக்கும் களப்பணியாளர் ஒருவரின் கையில் ஒரு வழிகாட்டிப் பிரசுரம் இருப்பதாகக் கொள்க. மியூ இருக்க வேண்டிய இடத்தில் அப்பிரசுரத்தில் எம் அச்சாகியுள்ளது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது 10 மில்லிகிராம் ஆகிவிட்டது. ஒரு கிணற்றின் நீரில் 0.2 மில்லிகிராம் ஆர்செனிக் உள்ளதெனச் சோதனை காட்டுமாயின், அது உண்மை எல்லையைப்போல் இருபது மடங்காகும். ஆயினும் பிரசுரத்தை நம்பும் பணியாளர் அந்நீரைத் தீங்கற்றதென்றே கருதுவார்.

இப்பிழையைக் கட்டுரை எழுதியவர் செய்யவில்லை. மெய்ப்புத் திருத்தியவரும் செய்யவில்லை. அவர்கள் பார்த்த தாளில் மியூவே இருந்தது. பின்னர் ஆவணம் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றபோது எழுத்துரு மாறியது. எழுத்துரு மாறவே அளவும் மாறியது. இத்தகைய மாற்றம் ஏன் நேர்கிறது, அதனைத் தடுப்பது எவ்வாறு, அச்சுக்கு ஆயத்தமான ஆவணத்தில் பிழை காணப்பட்டால் அதனைத் திருத்தும் முறை யாது என்பனவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆயத்தமான ஆவணம்

ஈய எழுத்துக்களால் அச்சிட்ட காலத்தில், கோத்து முடித்த பக்கத்தை இரும்புச் சட்டத்தினுள் வைத்து முடுக்கிக் கட்டுவர். அச்சட்டத்தை எந்த அச்சு யந்திரத்தில் ஏற்றினாலும் ஒரே பக்கம்தான் கிடைக்கும். ஏனெனில் எழுத்துக்களே சட்டத்தினுள் இருந்தன. அச்சகத்தார் தம் பெட்டியிலிருந்து வேறு எழுத்து எடுத்து இடவேண்டிய தேவை எழவில்லை.

கணிப்பொறி அச்சுக்கோப்பில் இச்சட்டத்தின் இடத்தைப் பெற்றிருப்பது பி.டி.எஃப். என வழங்கும் ஆவண வடிவம். அடோபி நிறுவனம் 1984ஆம் ஆண்டில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க வருணனை மொழியை வெளியிட்டது. அதன் கருத்துக்களை அடிப்படையாகக் கொண்டு 1993ஆம் ஆண்டில் பி.டி.எஃப். வடிவம் வெளிவந்தது. 2008ஆம் ஆண்டில் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் சர்வதேசத் தரமாயிற்று. பக்கத்தின் தோற்றம் எங்கும் மாறாதிருக்க வேண்டும் என்பதே இவ்வடிவத்தின் குறிக்கோள்.

எனினும் ஈயச் சட்டத்துக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ஈயச் சட்டத்தினுள் எழுத்துக்கள் எப்போதும் இருந்தன. பி.டி.எஃப். ஆவணத்தினுள் எழுத்துரு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுத்துருவை ஆவணத்தினுள்ளேயே வைத்து அனுப்புவதற்கு உட்பொதித்தல் என்று பெயர். உட்பொதிக்கப்படாத ஆவணம், எழுத்துக்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் உள்ளே வைத்துக் கட்டிய வெறுஞ்சட்டத்தை ஒக்கும். அதனைப் பெறுகிறவர் தம்மிடம் உள்ளவற்றைக்கொண்டு பக்கத்தை நிரப்பிக்கொள்ள வேண்டியதாகிறது.

எண்ணும் வடிவமும்

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறிவதில்லை, எண்ணாகவே அறிகிறது. அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைவது என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. ஓர் எளிய உதாரணத்தால் இதனைத் தெளியலாம். 1, 2, 3 என மூன்று எண்கள் எழுதப்பட்டுள்ளன. முதல் திறவுகோலின்படி 1 என்பது க. 2 என்பது ட. 3 என்பது ல். அவ்வாறு படித்தால் 'கடல்' என்று வரும். இரண்டாம் திறவுகோலில் 1 என்பது ம. ஏனைய இரண்டும் முன்போலவே. அவ்வாறு படித்தால் 'மடல்' என்று வரும். எழுதப்பட்ட எண்கள் இரண்டு இடத்தும் ஒன்றே. படித்தவர் கண்ட சொற்கள் இரண்டு. இரண்டும் பொருளுடைய சொற்களாதலின், திறவுகோல் மாறிவிட்டது என்னும் ஐயம் படிப்பவருக்கு எழுவதில்லை.

மியூ எம் ஆனதும் இவ்வாறே. கிரேக்க எழுத்துக்களையும் கணிதக் குறிகளையும் அச்சிடச் 'சிம்பல்' என்னும் எழுத்துரு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதில் 109ஆம் எண்ணுக்குரிய வடிவம் மியூ. சாதாரண உரோம எழுத்துருக்களில் அதே எண்ணுக்குரிய வடிவம் எம். ஆவணத்திலிருந்து வாசகத்தை நகலெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டும்போதோ, ஆவணத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும்போதோ, சிம்பல் என்னும் எழுத்துருவின் பெயர் விடுபட்டுப் போனால், எஞ்சி நிற்பது 109 என்னும் எண் மட்டுமே. அந்த எண்ணைச் சாதாரண எழுத்துருவால் வரையும்போது எம் தோன்றுகிறது.

இதே காரணத்தால் வேறு பல குறிகளும் மாறுவதுண்டு. சிம்பல் எழுத்துருவில் 163ஆம் எண் 'சிறிது அல்லது சமம்' என்னும் குறி. மேலை ஐரோப்பிய எழுத்துருக்களில் அந்த எண் பிரிட்டிஷ் பவுன் நாணயக் குறி. சிம்பலில் 179ஆம் எண் 'பெரிது அல்லது சமம்' என்னும் குறி. மற்றவற்றில் அது மேலே சிறிதாக எழுதப்படும் 3. குழாய் நீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பதைக் குறியிட்டு எழுதினால், அக்குறி மறைந்து அவ்விடத்தில் ஒரு சிறிய 3 நிற்கக்கூடும். 98ஆம் எண்ணில் உள்ள பீட்டா 'பி' ஆகிவிடும்.

இவ்விருவகைப் பிழைகளிடையே உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. அளவின் முன்னே பவுன் குறி நின்றால் எவரும் திடுக்கிட்டு விசாரிப்பர். எம் நின்றால் எவரும் விசாரியார். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பிழையால் தீங்கு குறைவு; பொருந்தியதுபோல் அமர்ந்திருக்கும் பிழையே தீங்கு விளைப்பது. ஆதலின் அளவுகளைத் தாங்கி வரும் பிரசுரங்களில் 'பார்வைக்குச் சரியாக இருக்கிறது' என்பதைப் போதிய சான்றாகக் கொள்ளலாகாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம் என்னும் குறிப்பு 150 மில்லிகிராம் என மாறினாலும் தாளின் தோற்றத்தில் எவ்விதக் குறையும் தென்படாது.

முழு எழுத்துருவும் பகுதி எழுத்துருவும்

உட்பொதித்தல் இரு வகைப்படும். எழுத்துருவிலுள்ள எல்லா வடிவங்களையும் ஆவணத்தினுள் வைப்பது முழுப் பொதிவு. அந்த ஆவணத்தில் வரும் வடிவங்களை மட்டும் தெரிந்தெடுத்து வைப்பது பகுதிப் பொதிவு. ஆவணத்தின் பருமன் குறைவதால் பெரும்பாலான மென்பொருள்கள் பகுதிப் பொதிவையே மேற்கொள்கின்றன. பகுதியாகப் பொதிந்த எழுத்துருவின் பெயருக்கு முன்னர் ஆறு பெரிய உரோம எழுத்துக்களும் ஒரு கூட்டற்குறியும் சேர்க்கப்படும். இவ்வடையாளத்தைக் கொண்டு அதனை எளிதில் அறியலாம்.

அச்சிடுவதற்குப் பகுதிப் பொதிவு போதும். திருத்துவதற்கோ அது பெரும்பாலும் போதாது. ஓர் அட்டவணையின் தடித்த எண்களில் 0, 1, 2, 5 ஆகியவை மட்டுமே வந்திருப்பதாகக் கொள்க. பகுதிப் பொதிவில் அந்நான்கு வடிவங்களே இருக்கும். பின்னர் 25 என்பதை 75 எனத் திருத்த முயன்றால், 7 என்னும் வடிவம் ஆவணத்தினுள் இல்லை. மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து 7ஐக் கடன் வாங்கலாம். அன்றி அவ்விடத்தில் வெறுங்கட்டமோ வெற்றிடமோ தோன்றலாம். வெற்றிடம் தோன்றினால் 75 என்பது 5 எனப் படிக்கப்படும்.

எழுத்துரு உட்பொதிக்கப்படாவிடினும் ஆவணம் சில சமயங்களில் சரியாகவே தோன்றுவதுண்டு. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அதே எழுத்துரு பார்ப்பவரின் கணிப்பொறியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கலாம். ஆவணத்தைத் தயாரித்தவரின் கணிப்பொறியில் அது நிச்சயமாக இருக்கும். ஆகவே தயாரித்தவரின் கண்ணுக்கு இக்குறை புலப்படுவதே இல்லை. இரண்டாவது, டைம்ஸ், ஹெல்வெடிக்கா, கூரியர் ஆகிய மூன்றின் நந்நான்கு வடிவங்களும், சிம்பல், சாஃப் டிங்பேட்ஸ் ஆகிய இரண்டும் சேர்ந்த பதினான்கு எழுத்துருக்களைப் படிப்பு மென்பொருள்கள் தாமே வழங்கும் என்பது இவ்வடிவத்தின் பழைய ஏற்பாடு. அப்பதினான்கில் தமிழ் எழுத்துரு ஒன்றும் இல்லை. இந்திய மொழிகள் எவற்றுக்கும் உரிய எழுத்துரு இல்லை. எனவே இந்திய மொழி ஆவணங்களில் உட்பொதித்தல் இன்றியமையாதது.

அச்சுப் பணிக்கென 2001ஆம் ஆண்டு முதல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்.–எக்ஸ் தரமும், நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005ஆம் ஆண்டு முதல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்.–ஏ தரமும் எழுத்துருக்கள் அனைத்தும் உட்பொதிக்கப்பட வேண்டுமென விதிக்கின்றன. ஆவணத்தை உருவாக்கும்போது இவற்றுள் பொருந்திய ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இக்குறை தொடக்கத்திலேயே நீங்கும்.

தமிழ் எழுத்துக்குரிய தனி இடர்கள்

தமிழ் ஆவணங்களைக் கையாள்பவர் இரண்டு இடர்களைத் தனியே அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது பழைய எழுத்துருக்களால் விளைவது. யூனிகோடு பரவலாவதற்கு முன்னர், உரோம எழுத்துக்களுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வரிசையில் வடிவங்களை வைத்தது. பாமினி என்னும் எழுத்துருவில் எம் என்பதன் எண்ணில் அகரமும், கே என்பதன் எண்ணில் மகரமும், அரைப்புள்ளியின் எண்ணில் மெய்யெழுத்துக்குரிய புள்ளியும், எச் என்பதன் எண்ணில் காலும் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் 'அம்மா' என்னும் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் பொருளற்ற தொடராக நிற்கும்.

இக்குழப்பத்தை நீக்க 1999ஆம் ஆண்டில் டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010ஆம் ஆண்டில் யூனிகோடும், அதனுடன் டேஸ்–16 என்னும் முறையும் அரசின் தரங்களாக ஏற்கப்பட்டன. எனினும் முன்னர்த் தயாரித்த பிரசுரங்கள் பல இன்றும் பழைய எழுத்துருக்களிலேயே உள்ளன. அவற்றின் ஒரு பத்தியை எடுத்துப் புதிய ஆவணத்தில் சேர்க்கும்போது, அது எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதை முதலில் அறிந்து, உரிய மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே சேர்த்தல் வேண்டும். மாற்றிய பத்தியை மூலத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குதலும் வேண்டும்.

இரண்டாவது இடர் யூனிகோடு ஆவணங்களிலும் நேர்வது. 'கொசு' என்னும் சொல்லை நோக்குக. யூனிகோடு முறையில் இச்சொல் ககரம், ஒகரக் குறி, சகரம், உகரக் குறி என நான்கு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. தாளில் வரையப்படுவனவோ ஒற்றைக்கொம்பு, ககரம், கால், 'சு' என்னும் இணைந்த வடிவம் ஆகிய நான்கு. இரண்டு இடத்தும் எண்ணிக்கை நான்குதான். ஆயினும் வரிசையும் வேறு, பகுப்பும் வேறு. ஒலிக்கும் முறையில் ககரத்துக்குப் பின்னர் வரும் ஒகரக் குறி, எழுதும் முறையில் ககரத்தின் இரு புறமும் பிரிந்து நிற்கிறது.

பி.டி.எஃப். ஆவணத்தில் முதன்மையாகப் பதிவாவது வரையும் வரிசை. அவ்வடிவங்கள் எந்த எழுத்துக்களைக் குறிப்பன என்பதற்குத் தனியே ஓர் ஒப்பீட்டு அட்டவணையை உள்ளே வைக்கலாம். அது விடுபட்டாலோ குறையுடன் அமைந்தாலோ, தாளில் சொல் செம்மையாகத் தோன்றும், தேடினால் கிடைக்காது. மலேரியாத் தடுப்புப் பணியாளர் நூறு பக்கக் கையேட்டில் 'கொசு' என்று தேடினால், சொல் பக்கந்தோறும் இருந்தும், 'இல்லை' என்றே விடை வரும். நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சொல் சிதையும். பார்வையற்றோருக்காக வாசகத்தை ஒலியாக மாற்றும் கருவியும் அச்சிதைந்த வரிசையையே படிக்கும். பார்வையற்ற ஆசிரியருக்கு அக்கையேடு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதற்கு இரு பரிகாரங்கள் உள. ஆவணத்தை உருவாக்கும் மென்பொருள், முழுமையான ஒப்பீட்டு அட்டவணையைச் சேர்ப்பதாக இருத்தல் வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறும் சொற்களுக்கு, 'இவ்விடத்து உண்மையான எழுத்துத்தொடர் இது' எனத் தனிக்குறிப்பு இடுவதற்கும் இவ்வடிவத்தில் வழியுண்டு. அதனை ஆதரிக்கும் மென்பொருளைத் தேர்ந்துகொள்ளலாம்.

திருத்தம் எங்கே செய்யப்படவேண்டும்?

ஆயத்தமான ஆவணத்தில் பிழை கண்டவுடன், அந்த ஆவணத்தையே திறந்து திருத்திவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் அவ்வாறு செய்வது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். பி.டி.எஃப். பக்கம், 'இந்த எழுத்துருவை எடு. இந்த இடத்துக்குச் செல். இந்த வடிவங்களை வரை' என்னும் கட்டளைகளின் தொகுதியாகும். பத்தி என்னும் அமைப்பு அதில் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையேயுள்ள இடம்கூட, தனியெழுத்தாக இராமல் வெறும் இடைவெளியாக இருக்கலாம். ஆகவே ஒரு சொல்லை நீட்டினால் அடுத்த சொற்கள் தாமாக நகர்ந்து இடங்கொடுக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. சேர்த்த சொல் அடுத்த சொல்லின்மேல் ஏறலாம். ஓரத்தைக் கடந்து வெட்டுப்படலாம்.

முறையான வழி, மூல ஆவணத்துக்குத் திரும்பிச் செல்வதேயாகும். பக்கத்தை அமைத்த மென்பொருளில் மூலத்தைத் திறந்து, பிழையைத் திருத்தி, எழுத்துருக்களை உட்பொதித்து, புதிதாக பி.டி.எஃப். எடுக்க வேண்டும். புதியதையும் பழையதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். திருத்திய இடம் தவிர வேறெங்கும் மாற்றம் இல்லை என உறுதி செய்தல் வேண்டும். கோப்பின் பெயரில் தேதியை இட்டு, பழைய கோப்பைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டும். பழைய பிரதி வினியோகிக்கப்பட்டுவிட்டதாயின், எந்தப் பக்கத்தில் எந்த அளவு எவ்வாறு திருத்தப்பட்டது என்பதைப் பிழைதிருத்தக் குறிப்பாக வெளியிடுவது கடமையாகும். இவை யாவும் நடைபெறுவதற்கு மூல ஆவணமும் எழுத்துருக்களும் ஒரே உறையில் பாதுகாக்கப்பட்டிருத்தல் வேண்டும். அச்சு முடிந்ததும் மூலத்தை அழித்துவிடும் வழக்கம் அடுத்த பதிப்பின் பிழைக்கு வித்திடுவதாகும்.

மூலம் கிடைக்காத நிலையில் மட்டும் ஆயத்தமான ஆவணத்தைத் திருத்தலாம். அப்போது பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நலம். முதலில், திருத்த வேண்டிய இடத்தின் எழுத்துரு எது, முழுப் பொதிவா பகுதிப் பொதிவா எனக் காணவேண்டும். அதே எழுத்துருவைத் திருத்தும் கணிப்பொறியில் முறைப்படி நிறுவ வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் பதிப்பு வேறானால் வடிவங்களின் எண்கள் மாறுபடலாம். ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றாமல், எண் முழுவதையும் அதன் அலகோடு சேர்த்து எழுத வேண்டும். இதனால் எண்ணின் எல்லா இலக்கங்களும் ஒரே எழுத்துருவில் அமையும். சேமிக்கும்போது எழுத்துரு மறுபடியும் பொதியப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். மின்கையொப்பம் இட்ட ஆணைகளையும் அறிக்கைகளையும் இவ்வாறு திருத்தலாகாது. பின்னர்ச் செய்த மாற்றத்தைக் கையொப்பச் சோதனை காட்டிவிடும். திருத்திய ஆவணத்துக்குப் புதிய கையொப்பமே பெறவேண்டும்.

விலக்கத்தக்க இரண்டு குறுக்குவழிகள்

அவசரத்தில் இரண்டு குறுக்குவழிகள் கையாளப்படுகின்றன. பழைய எண்ணின்மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்து மறைத்து, அதன்மேல் புதிய எண்ணை எழுதுவது ஒன்று. தாளில் இது திருத்தம்போலவே தோன்றும். ஆனால் கட்டத்தின் அடியில் பழைய எண் அழியாமல் இருக்கிறது. தேடினால் அதுவும் கிடைக்கும். நகலெடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். ஒலிக்கருவி இரண்டையும் படிக்கும். அட்டவணையைக் கணிப்பொறியால் தொகுப்பவர் பழைய எண்ணையே எடுத்துக்கொள்ளவும் கூடும். கண்ணுக்கு ஓர் அளவும் கணிப்பொறிக்கு வேறோர் அளவும் தரும் ஆவணம் திருத்தப்பட்டதாகாது.

எழுத்துக்கள் அனைத்தையும் கோட்டுருவங்களாக மாற்றிவிடுவது மற்றொன்று. இவ்வாறு செய்தால் எழுத்துருவே தேவைப்படாது. எந்த அச்சகத்திலும் தோற்றம் மாறாது. ஒரு சுவரொட்டிக்கோ அட்டைப்படத் தலைப்புக்கோ இது தகும். கையேட்டுக்குத் தகாது. ஏனெனில் அதன்பின் அங்கே எழுத்து இல்லை. எழுத்தைப் போன்ற சித்திரமே உண்டு. அதில் தேடுதல் இல்லை, நகலெடுத்தல் இல்லை, ஒலியாகப் படித்தல் இல்லை, திருத்துதலும் இல்லை.

எழுத்துருவின் உரிமை பற்றியும் ஒரு சொல். எழுத்துருவை உட்பொதிக்கலாமா, அச்சிட மட்டுமா, திருத்தவும் அனுமதி உண்டா என்பதைக் காட்டும் குறிப்பு எழுத்துருவினுள்ளேயே இருக்கும். தடை உள்ள எழுத்துருவை மென்பொருள் பொதிக்க மறுக்கலாம். அரசுப் பிரசுரங்களுக்குத் திறந்த உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களைத் தெரிந்துகொண்டால் இத்தடை நேராது.

களத்திலும் பள்ளியிலும் செய்யத்தக்க சோதனைகள்

ஆவணத்தைப் பெறும் பணியாளரும் ஆசிரியரும் தனிப்பயிற்சி இன்றியே பின்வரும் சோதனைகளைச் செய்யலாம்.

1. படிப்பு மென்பொருளில் ஆவணத்தின் பண்புகளைத் திறந்து, எழுத்துருக்கள் என்னும் பகுதியைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொதியப்பட்டது என்றோ பகுதியாகப் பொதியப்பட்டது என்றோ குறிப்பு இருத்தல் வேண்டும். குறிப்பில்லாத பெயர் ஒன்று இருந்தாலும் ஆவணத்தை அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டும்.

2. ஆவணத்தைத் தயாரித்த கணிப்பொறியில் சோதித்தல் போதாது. வேறொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ திறந்து பார்க்கவேண்டும்.

3. கொம்பு உள்ள சொற்கள் இரண்டு மூன்றைத் தேடிப் பார்க்கவேண்டும். ஒரு பத்தியை நகலெடுத்து எளிய எழுது மென்பொருளில் ஒட்டி, எழுத்து வரிசை சிதையாமல் வருகிறதா எனக் காணவேண்டும்.

4. அளவுகள் வரும் அட்டவணைகளையும் நகலெடுத்து ஒட்டி, மைக்ரோ, பெரிது, சிறிது ஆகிய குறிகள் நிலைத்துள்ளனவா என நோக்கவேண்டும். வெள்ளைக் கட்டத்தின் அடியில் மறைந்த எண்ணும் இச்சோதனையில் வெளிப்படும்.

5. ஓர் அளவு வழக்கத்துக்கு மிகவும் மாறாகத் தோன்றினால், ஆயிரம் மடங்கு கூடியோ குறைந்தோ உள்ளதா எனக் கணக்கிட்டு, மூலத் தரக்குறிப்புடன் ஒப்பிடவேண்டும். ஐயம் தீரும்வரை அந்த அளவைப் பிறருக்கு அறிவித்தல் கூடாது.

எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரிய கடமை ஒன்றுண்டு. மியூ என்னும் குறிக்கு யூனிகோடில் அளவுக் குறியாக ஓரிடமும், கிரேக்க எழுத்தாக வேறோர் இடமும் என இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத எழுத்துருவும் இருக்கலாம். தமிழிலும் 'மி.கி.', 'மை.கி.' என்னும் சுருக்கங்கள் ஒரு குறியாலேயே வேறுபடுகின்றன. சங்கிலிக்கொம்பு சிதைந்தால் வேற்றுமை மறைந்துவிடும். ஆகவே நச்சுப்பொருள், மருந்து, உரம் ஆகியவற்றின் அளவுகளைக் குறிக்குமிடத்து 'மைக்ரோகிராம்', 'மில்லிகிராம்' என முழுச் சொல்லாக எழுதுவதே சிறந்தது. 'குறையலாகாது', 'மிகலாகாது' என்பனவற்றையும் குறியால் அன்றிச் சொல்லால் எழுதுதல் வேண்டும். எழுத்து ஒன்று சிதைந்தாலும் முழுச்சொல் தன் பொருளைக் காத்துக்கொள்ளும். தனிக்குறி சிதைந்தால் பொருளும் உடன் அழியும்.

பாடத்தின் சாரம்

ஆவணத்தில் வடிவம் வேறு, எண் வேறு. இரண்டையும் இணைப்பது எழுத்துரு. எழுத்துருவை உட்பொதித்தால் வடிவம் காக்கப்படும். ஒப்பீட்டு அட்டவணையும் செம்மையாக அமைந்தால் பொருள் காக்கப்படும். திருத்தத்தை மூலத்தில் செய்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். தாளை மட்டும் பார்த்து நிறைவடைவது பாதிச் சோதனையே. கிணற்றங்கரையில் நிற்கும் பணியாளரைச் சென்றடையும் எண், ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்ட எண்ணாகவே இருத்தல் வேண்டும்.

பயிற்சி

1. கடல், மடல் உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணவரை இரு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு திறவுகோல் கொடுத்துப் படிக்கச் செய்க. தம் திறவுகோல் தவறென எந்தக் குழுவாவது தானே கண்டுபிடிக்க இயலுமா என விவாதிக்க.

2. அலுவலகத்திலோ பள்ளியிலோ உள்ள ஐந்து பிரசுரக் கோப்புகளை எடுத்து, உட்பொதிக்கப்படாத எழுத்துருக்கள் எவை எனப் பட்டியலிடுக.

3. ஒரு பிரசுரத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆர்செனிக் எனக் காணப்படுகிறது. இது எழுத்துரு மாற்றத்தால் விளைந்ததா என அறிய எந்தெந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்வீர்? பிழை உறுதியானால் யாருக்கு எவ்வாறு தெரிவிப்பீர்?